அப்பளம் நொறுங்கியதற்காகப் பந்தியை விட்டு எழலாமா?

(தலைப்பு: விமர்சகர்கள் ஒதுக்கிய படத்தை ரசிகர்கள் கொண்டாடுவது ரசனையா, மயக்கமா? ‘ரசனையே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? அந்தப் படத்தைத் துவைத்து, பிழிந்து, கொடியிலே காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் ஓர் அம்மா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அம்மா, நீங்கள் நினைக்கிற படம் 1965-இல் பந்துலு இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்தது. அதை ஒதுக்குகிற தைரியம் இந்த ஊரில் எந்த விமர்சகருக்கும் கிடையாது! (சிரிப்பு)

தம்பி சொன்னது 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’. செல்வராகவன் இயக்கியது. கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன் நடித்தது. நான் வேறு படம் தேடிப் போகவில்லை ஐயா. எதிரணி எந்தப் படத்தைத் தூக்கிப் போட்டதோ, அதே படத்தை எடுத்து வைத்துக்கொண்டே இந்த வழக்கை நடத்தப் போகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1279-ஆம் ஆண்டு. சோழப் பேரரசு பாண்டியரிடம் வீழ்கிறது. சோழ மன்னன் தன் மகனையும் கொஞ்சம் மக்களையும் கடல் கடந்து ஒரு ரகசிய இடத்துக்கு அனுப்பிவிடுகிறான். பாண்டியரின் குலதெய்வச் சிலையும் அவர்களோடு போய்விடுகிறது. தேடி வருகிறவர்களைத் தடுக்க வழியெல்லாம் பொறிகள். கடல், காட்டு மனிதர்கள், பாம்பு, பசி, புதைமணல் என்று வரிசையாக. எழுநூறு ஆண்டு கழித்து, காணாமல் போன ஓர் ஆராய்ச்சியாளரைத் தேடி ஒரு குழு கிளம்புகிறது. சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குத் தலைவனாக முத்து என்று ஒருவன் கூடப் போகிறான். பொறிகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், அங்கே அந்தச் சோழ மக்களின் வம்சம் இன்னும் இருக்கிறது. தஞ்சையிலிருந்து ஒரு தூதுவன் வருவான், நம்மைத் தாய்மண்ணுக்கு அழைத்துப் போவான் என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

இதுதான் கதை. இதன்மேல் எதிரணி வைத்த குற்றச்சாட்டு நான்கு. ஒன்று, நம்பும்படி இல்லை. இரண்டு, ஒரே ரத்தம். மூன்று, பேசுகிற தமிழ் புரியவில்லை. நான்கு, சோழனை இப்படி அழுக்காக, பட்டினியாகக் காட்டலாமா? நான்கும் அன்றைக்கு விமர்சனங்களிலும் டீக்கடையிலும் அடிபட்ட பேச்சுத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நம்பும்படி இல்லை. ‘நிழலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்களாம், கீழே புதைமணலாம், என்ன சார் இது’ என்று தம்பி கேட்டார். அந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கல் நிற்கிறது, வெயில் சாய்கிறது, நிழல் விழுகிறது. விழுந்த நிழல்களெல்லாம் சேர்ந்து மணலிலே நடராசர் உருவம் ஆகிறது. அந்த நிழல் இருக்கிற இடத்தில் கால் வைத்தால் பிழைப்பு. நிழல் விலகினால் மரணம். கல்லையும் வெயிலையும் வைத்தே ஒரு கோயிலைக் கட்டிக் காட்டிவிட்டான் அந்தக் கலைஞன். அங்கே நின்றுகொண்டு, ‘புதைமணலின் ஆழம் எத்தனை அடி’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நம்பும்படி இருப்பதுதான் இலக்கியம் என்றால், என் பிழைப்பே போய்விடும் ஐயா. வகுப்பிலே நான் மணிமேகலை நடத்துகிறேன். மணிமேகலா தெய்வம் ஒரு பெண்ணைத் தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் வைக்கிறது. அங்கே அவளுக்கு ஒரு பாத்திரம் கிடைக்கிறது. எடுக்க எடுக்கச் சோறு குறையாது. காயசண்டிகை என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்கு யானைத்தீ என்ற நோய். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி உண்டதும் அடங்குகிறது. இதை நம்பமுடிகிறதா? நம்பமுடியவில்லை. ஆனால் பசி என்பது எப்படிப்பட்ட நோய் என்பது மனத்தில் உறைக்கிறதா? உறைக்கிறது. சாத்தனாருக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு விமர்சகர் உட்கார்ந்து, ‘பாத்திரத்தின் கொள்ளளவு எத்தனை படி என்று ஆசிரியர் விளக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் நமக்கு இன்றைக்கு மணிமேகலை கிடைத்திருக்குமா? (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். படத்தின் நடுவே வருகிற பொறிகள் கற்பனை. அடித்தளம் கற்பனை இல்லை. தோற்ற ராஜா தன் சொத்தைக் கடல் கடந்து ஒளித்து வைப்பானா என்று கேட்கிறீர்கள். வைத்திருக்கிறான். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், தன் குலத்து மணிமுடியைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். அந்த முடியை ஈழத்து மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். பராந்தகன் அதைக் கேட்டுப் படை அனுப்பினான். கிடைக்கவில்லை. சுமார் நூறு ஆண்டு கழித்து முதலாம் ராஜேந்திரன் ஈழத்தின்மேல் படையெடுத்து அந்த முடியை எடுத்துவந்தான். எடுத்துவந்ததைத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்தும் வைத்தான். நூறு வருடம் ஐயா! ஒரு முடிக்காகத் தலைமுறை தாண்டிய பகை!

சிலையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று அடுத்த கேள்வி. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். அங்கே ஒரு துவாரபாலகர் நிற்கிறார். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நம் ஊர்ச் சிற்பம் மாதிரி இருக்காது. சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்த சிலை அது. கொண்டுவந்த செய்தி அந்தச் சிலையிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எதிரணியினரே, செல்வராகவன் வானத்திலிருந்து கதை பிடிக்கவில்லை. பாண்டியனுக்கு நடந்ததைச் சோழனுக்கு மாற்றிப் போட்டார். ஓடினவனைத் துரத்தினவனாக்கினார், துரத்தினவனை ஓட வைத்தார்.

இரண்டாவது குற்றச்சாட்டு, ரத்தம். இதை நான் மறுக்கப் போவதில்லை. தணிக்கைக் குழுவே ‘ஏ’ சான்றிதழ் கொடுத்த படம் அது. குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள், தாய்மார்களே. ஆனால் ரத்தம் இருக்கிறது என்பதாலேயே தரம் இல்லை என்று எதிரணி அம்மையார் சொன்னாரே, அதை மட்டும் ஒப்ப முடியவில்லை. அம்மையாரும் என்னைப் போலத் தமிழாசிரியர். கலிங்கத்துப்பரணியை நடத்தாமலா இருந்திருப்பார்?

முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடியது அந்த நூல். பாடினவர் செயங்கொண்டார். அதிலே பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. என்ன கூழ்? நான் சொல்லமாட்டேன், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். (சிரிப்பு) உலை எதனால் வைத்தார்கள், அடுப்புக்கல் எதனால் என்று கேட்டால், இன்றைக்குத் தணிக்கைக் குழு செயங்கொண்டாரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் நாம் அந்த நூலை இலக்கியம் என்கிறோம். முதுகலையில் பாடமாக வைக்கிறோம், பதினாறு மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்கிறோம். பரணிக்கு ஒரு நியாயம், படத்துக்கு ஒரு நியாயமா?

ஒரு வேற்றுமை இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். பரணியில் நாம் ஜெயித்தவன் பக்கம் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறோம். அதனால் ரத்தம் நமக்கு உறுத்தவில்லை. பேய் கூழ் குடிக்கிறதைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடிகிறது. இந்தப் படத்தில் நாம் தோற்றவன் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் உறுத்துகிறது. உறுத்துவதற்காகத்தான் எடுத்தார்கள்! தமிழிலே பரணி நூலுக்கு ஒரு மரபு உண்டு. தோற்றவன் பெயரைத்தான் நூலுக்கு வைப்பார்கள். வென்றது சோழன், ஆனால் நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. அட்டையில் தோற்றவன் பெயர், உள்ளே முழுக்க வென்றவன் புகழ். இந்தப் படம் உள்ளேயும் தோற்றவனை வைத்துவிட்டது. அது பொறுக்கவில்லை நமக்கு.

மூன்றாவது, தமிழ் புரியவில்லை. இது என் துறை. கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், நடுவர் அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள்.

எழுநூறு ஆண்டுக்கு முன்னால் தாய்நாட்டை விட்டுப் போன ஒரு கூட்டம். அதற்குப் பிறகு வெளி ஆள் முகம் பார்க்கவில்லை. அவர்கள் எப்படிப் பேசவேண்டும்? ‘வாங்க சார், டிபன் ஆச்சா’ என்றா? (சிரிப்பு) பழைய தமிழ்தான் பேசவேண்டும். தியேட்டரில் பின்வரிசையிலிருந்து ஒருவர், ‘ஏம்ப்பா, கீழே எழுத்துப் போடக்கூடாதா’ என்றார். தமிழ்ப் படத்துக்குத் தமிழனே எழுத்துக் கேட்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நமக்கும் நம் பாட்டனாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. அந்தத் தூரத்தை எந்தப் பாடப்புத்தகமும் அப்படிக் காட்டியதில்லை.

பிரிந்துபோன கூட்டம் பழைய மொழியைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றும். நமக்கு அண்மையில் இருப்பது ‘இவன்’, தொலைவில் இருப்பது ‘அவன்’. பழந்தமிழில் நடுவே ஒன்று உண்டு, ‘உவன்’. இரண்டுக்கும் இடையில் நிற்பவன். தமிழ்நாட்டுப் பேச்சில் அது எப்போதோ செத்துப்போயிற்று. நாங்கள் இலக்கண வகுப்பில் மட்டும் அதைப் படம் பிடித்து மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘உவன்’, ‘உது’, ‘உங்கே’ எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அங்கே ஒரு கிழவி தன் பேரனைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்கிற சொல், இங்கே எனக்கு இலக்கணப் பாடம்! கடல் பிரித்து வைத்த இடத்தில் சொல் பிழைத்திருக்கிறது. அந்தத் தீவுச் சோழர்களின் தமிழ் முழுக்கச் சுத்தமான 13-ஆம் நூற்றாண்டுத் தமிழா என்று கேட்டால், இல்லை. ஒரு கலைஞன் கட்டிய தமிழ் அது. ஆனால் கட்டவேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே! அரசர் படம் என்றால் மேடை நாடகத் தமிழ் போதும் என்று இருந்த இடத்தில், ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு பேச்சையே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நான்காவது குற்றச்சாட்டு. இதுதான் உயிர்நிலை. சோழனை இப்படிக் காட்டலாமா?

நமக்குச் சோழன் என்றால் எப்படி இருக்கவேண்டும்? வெள்ளைக் குதிரை, பட்டுப் பீதாம்பரம், பின்னால் பெரிய கோயில் கோபுரம். இந்தப் படத்திலே பார்த்திபன் வருகிறார். உடம்பெல்லாம் கரி. மக்கள் எலும்பும் தோலும். குகைமாதிரி ஓர் இடம், தின்னச் சோறு இல்லை. அந்த ராஜாவுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. காத்திருங்கள், தூதுவன் வருவான் என்ற சொல் ஒன்றுதான் பாக்கி. அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ‘நம் சோழனை அவமானப்படுத்திவிட்டார்கள்’ என்று பலர் கோபப்பட்டார்கள்.

ஐயா, பேரரசு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக்குள் புகுந்தான். தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். அவன் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பாருங்கள். மாடத்தை இடித்தேன், மாளிகையை இடித்தேன், மண்டபத்தை இடித்தேன், இடித்த இடத்தைக் கழுதை கட்டி உழுதேன் என்று பட்டியல் போடுகிறான். பகையரசரின் பெண்கள் அழுத கண்ணீரை ஆறாக ஓடவிட்டேன் என்று அதையும் ஒரு பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்.

திருவெள்ளறையில் இன்னொரு கல்வெட்டுப் பாட்டு. எல்லாவற்றையும் இடித்த அதே பாண்டியன் ஒன்றை மட்டும் விட்டு வைத்தானாம். பட்டினப்பாலை பாடிய புலவர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபம். அதை மட்டும் இடிக்கவில்லை. தமிழுக்கு எவ்வளவு மரியாதை என்று இந்தக் கல்வெட்டைச் சொல்லி எத்தனையோ மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறோம். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் பதினாறு தூண் நின்றதே, அதைச் சுற்றி நின்ற வீடுகள் என்ன ஆயின? அங்கே உலை வைத்திருந்தவள் எங்கே போனாள்? அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தை எங்கே போயிற்று? கல்வெட்டில் இல்லை. கண்ணீர் மட்டும் இருக்கிறது, அழுதவள் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போங்கள். இருநூற்றைம்பது ஆண்டு தலைநகராக இருந்த ஊர். கோயில் நிற்கிறது. அரண்மனை இருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்று பெயர். மேடுதான் இருக்கிறது, மாளிகை இல்லை. தோண்டினால் செங்கல் அடித்தளம். கோயில் மதிலின் கல்லையே 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடாரம் கொண்டவன் ஊருக்கு இந்தக் கதி. கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரன். 1279-க்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் படம் வந்த வாரம் என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, ‘ஐயா, கடைசிச் சோழன் என்ன ஆனான்?’ என்று கேட்டான். அத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். முதல் சோழன் யார் என்று கேட்டிருக்கிறார்கள், பெரிய சோழன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். கடைசிச் சோழனை யாரும் கேட்டதில்லை. விமர்சகர்கள் குப்பை என்று தள்ளிய படம் அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்து அனுப்பியது. (கைதட்டல்)

இது நமக்குப் புதிய மரபும் இல்லை. புறநானூற்றில் பாரியின் மகளிர் பேசுகிறார்கள். தகப்பன் போனான், மலை போயிற்று, போன மாதத்து நிலாவும் இந்த மாதத்து நிலாவும் வேறு வேறாகிவிட்டது அந்தப் பெண்களுக்கு. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு அரசன் அரசனாகப் போய் நின்றார். விச்சிக்கோன் வாங்கிக்கொள்ளவில்லை, இருங்கோவேள் வாங்கிக்கொள்ளவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெண்களுக்கு ஒரு வீட்டுத் திண்ணை கிடைக்கவில்லை. பாரியை வென்ற மூவேந்தரின் கொண்டாட்டம் நமக்கு நினைவில் இருக்கிறதா? இல்லை. அந்த இரண்டு பெண்களின் அழுகைதான் இரண்டாயிரம் ஆண்டாகக் காதில் கேட்கிறது.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாமல் போனால் நான் முழுதும் சொன்னவனாக மாட்டேன். படப்பிடிப்பு தொடங்கியது 2007-இல். படம் வெளிவந்தது 2010 ஜனவரியில். இடையிலே 2009 மே மாதம் வந்து போனது. முள்ளிவாய்க்கால். எட்டு மாதம்கூட ஆகவில்லை. இயக்குநர் கதை எழுதும்போது என்ன நினைத்தார் என்பதற்குள் நான் போகவில்லை. பார்க்கிறவன் மனத்தில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். படத்தின் கடைசியில் துப்பாக்கியோடு படை வருகிறது. பழைய வேலும் கவணும் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்த சனம் நிற்கிறது. விழுகிறது. பெண்கள் படாத பாடு படுகிறார்கள். திரையிலே நடப்பது கற்பனைத் தீவு. ஆனால் தியேட்டரில் அவ்வளவு கூட்டத்தில் ஒருவர் விசில் அடிக்கவில்லை. வெளியே வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாங்கள் வீட்டில் பேசமுடியாமல் வைத்திருந்த ஒன்றை அந்தப் படம் ஒரு மாயாஜாலக் கதைக்குள் வைத்துக் காட்டிவிட்டது. இதை மயக்கம் என்று எதிரணி சொல்லுமானால், அந்த மயக்கம் எனக்கு வேண்டும் ஐயா. (பலத்த கைதட்டல்)

அப்படியானால் படத்தில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சில காட்சிகளில் வரைகலை பொம்மை மாதிரி இருக்கிறது. முதல் பாதியின் கிண்டலும் இரண்டாம் பாதியின் சோகமும் ஒரே படத்தின் இரண்டு பாதிதானா என்று சந்தேகம் வருகிறது. மூன்று மணி நேரம் நீளம்தான். முத்து அந்த இரண்டு பெண்களிடம் பேசுகிற பேச்சில் பாதியை வெட்டியிருந்தால் படத்துக்கு மரியாதை கூடியிருக்கும். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கல்யாணப் பந்தியில் சிலரைப் பார்த்திருப்பீர்கள். இலையில் அப்பளம் நொறுங்கி விழுந்துவிட்டது என்று முகம் சுளித்து எழுந்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் நொறுங்கின அப்பளத்தைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டு, ரசத்துக்குப் போய், பாயசத்தையும் பார்த்துவிட்டு வருவார். சமையல்காரனுக்கு நியாயம் செய்தவர் யார்? இந்தப் படத்தின் பாயசம் கடைசி முக்கால் மணி நேரம். அதற்கு முன்னாலேயே பலர் எழுந்து கையைக் கழுவிவிட்டார்கள்.

விமர்சகர்களை நான் திட்ட வரவில்லை. முதல் காட்சி பார்த்து இரவே எழுதிக் கொடுக்கவேண்டிய வேலை அவர்களுக்கு. முயற்சியைப் பாராட்டி எழுதியவர்களும் உண்டு. ஆனால் பாராட்டினவர்களில் பலரும், ‘நல்ல முயற்சி, ஆனால் குழப்பம்’ என்று முடித்துவிட்டார்கள். ரசிகன் என்ன செய்தான்? அவனுக்கு அவசரம் இல்லை. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். தம்பிக்குக் காட்டினான், நண்பனுக்குக் காட்டினான். தெலுங்கில் ‘யுகானிக்கி ஒக்கடு’ என்று போனபோது அங்கே நன்றாகவே வரவேற்றார்கள். பத்து ஆண்டு கழித்து, கொரோனா அடங்காத 2020 டிசம்பர் 31 அன்று அதே படத்தைத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மயக்கம் என்றால் பத்து வருடம் நிற்குமா, எதிரணியினரே? மயக்கம் மறுநாள் காலையில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் மனத்தில் நிற்பதற்குத்தான் ரசனை என்று பெயர்.

அடுத்த நாள், 2021 புத்தாண்டு அன்று, இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்தார்கள். 2024 என்று ஆண்டும் போட்டார்கள். 2024 வந்து, போயும் விட்டது. படத்திலே சோழ மக்கள் தூதுவனுக்குக் காத்திருந்தார்கள், வெளியிலே ரசிகர்கள் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறார்கள்! (சிரிப்பு)

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தத் தீவிலே எல்லோரும் காத்திருந்தது ஒரு தூதுவனுக்கு. தலைமை தாங்கி வந்த படித்த பெண், ‘நான்தான் தஞ்சையிலிருந்து வந்த தூதர்’ என்கிறாள். நம்பினார்கள். அவள் பாண்டிய வம்சம், பழி தீர்க்க வந்தவள். உண்மையான தூதுவன் யார்? மூட்டை தூக்கிக்கொண்டு வந்தானே முத்து, அவன். ராஜா விழுந்த பிறகு, அந்த வம்சத்தின் கடைசிக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன் அவன்தான். படம் முழுக்க அவனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கேலிதான் செய்தார்கள். நல்ல சட்டை போட்டு, நல்ல பேச்சுப் பேசி வந்தவரைத் தூதுவர் என்று நம்பி, மூட்டை தூக்கி வந்தவனைக் கவனிக்காமல் விட்ட தவறு அந்தச் சோழனோடு போகட்டும். படங்களைப் பார்க்கும்போது நாமும் அதைச் செய்யவேண்டாம்.

ஆகவே நடுவர் அவர்களே, குறையோடு வந்த ஒரு படத்தைக் குறை தெரிந்தே ஏற்றுக்கொண்டு, அது சொல்ல வந்ததைப் பத்து வருடம் காத்திருந்து கேட்டுக்கொண்ட தமிழ் ரசிகனுக்கு இருப்பது ரசனையே, ரசனையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.